டெரோசியோவின் வகுப்பறை

பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவர்க்கு இலக்கியத்தோடு தத்துவமும் கற்பிக்கலாமா? கற்பித்தால் அவர்கள் சிந்திக்கத் தொடங்குவரா, அன்றிச் சீர்கெட்டுப் போவரா? இவ்வினா இன்று புதிதாக எழுந்ததன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முன் கல்கத்தா நகரில் இவ்வினா எழுந்து, ஓர் இளம் ஆசிரியரின் பதவியையே பறித்தது. அவ்வரலாற்றை இங்குச் சிறிது நோக்குவோம்.

1817ஆம் ஆண்டில் கல்கத்தாப் பிரமுகர்கள், தம் மைந்தர்க்கு ஆங்கிலமும் மேனாட்டு அறிவுத் துறைகளும் பயிற்றும் பொருட்டு, இந்துக் கல்லூரியை நிறுவினர். பெயரளவில் அது கல்லூரியாயினும் அங்குப் பயின்றோருட் பலர் இன்றைய உயர்நிலைப் பள்ளி மாணவரின் வயதினரே. 1826இல் அங்கு இலக்கியமும் வரலாறும் கற்பிக்க அமர்ந்தார் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ. 1809இல் கல்கத்தாவில் யூரேஷியக் குடும்பமொன்றிற் பிறந்தவர், டேவிட் டிரம்மண்ட் என்னும் ஸ்காத்லாந்து ஆசிரியரின் பள்ளியிற் பயின்றவர், பாகல்பூர் அவுரித் தோட்டத்திற் சில காலம் வேலை பார்த்தவர், ஆங்கிலக் கவிஞர். ஆசிரியராக அமர்ந்த அவ்வாண்டு அவருக்கு வயது பதினேழு. மாணவர்க்கும் அவருக்கும் இடையே சில ஆண்டுகளே வேறுபாடு.

அவர் கற்பித்த முறை எத்தகையது? நூலை மனப்பாடம் செய்து ஒப்பித்தல் அவருக்கு உவப்பானதன்று. ஒரு கொள்கையை எடுத்துக் கொண்டால் அதன் சார்பாகச் சொல்லத்தக்கன யாவை, எதிராகச் சொல்லத்தக்கன யாவை என இரண்டையும் மாணவர் முன் வைப்பார். டேவிட் ஹியூம் எழுப்பிய ஐயங்களைப் படிப்பித்தார். அவற்றுக்கு ரீடும் டூகால்ட் ஸ்டூவர்ட்டும் தந்த விடைகளையும் படிப்பித்தார். 1828இல் தொடங்கிய விவாத சங்கத்திற்கு அவரே தலைவர். ஊழ், மனிதனின் சுதந்திரம், வாய்மை, தேசபக்தி, இறைவனின் இயல்பு, உருவ வழிபாடு முதலியன அங்கு விவாதிக்கப்பட்டன.

இம்முறை நமக்கு அந்நியமானதன்று. மறுதரப்பாரின் கூற்றை முதலில் முழுமையாக எடுத்துரைத்து, அதன் பின்னரே தம் முடிவை நிறுவுதல் நம் நாட்டுத் தத்துவ நூலோரின் மரபு. சிவஞான சித்தியார் பரபக்கம் என்றும் சுபக்கம் என்றும் இருபகுதியாய் அமைந்தமை இதற்குச் சான்று. முதிர்ந்த புலவரிடையே வழங்கிய அம்முறை இளஞ்சிறார் வகுப்பிற்குள் வந்தபோதுதான் பெற்றோர் அஞ்சினர்.

அச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. வீடு திரும்பிய மைந்தர் சடங்குகளை எள்ளினர். விலக்கப்பட்ட உணவை உண்டனர். டெரோசியோ நாத்திகம் போதிக்கிறார், பெற்றோரை மதிக்க வேண்டாம் என்கிறார் என்று ஊரிற் பேச்சுப் பரவிற்று. 1831 ஏப்ரலில் கல்லூரி நிர்வாகக் குழு கூடியது. அவர் தகுதியற்றவர் என்னும் கூற்றைப் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. எனினும், பொதுமக்களின் மனநிலையைக் கருதி அவரை விலக்குவதே உசிதம் எனத் தீர்மானித்தனர். தம்மை விசாரியாமலே முடிவு செய்தனர் என முறையிட்டு அவர் பதவி துறந்தார்.

குழுவிலிருந்த வில்சன் என்னும் வடமொழி அறிஞர் கேட்ட வினாக்களுக்கு டெரோசியோ எழுதிய மறுமொழி கல்வி வரலாற்றில் நினைக்கத்தக்கது. கடவுள் இல்லையென யாம் எவரிடமும் கூறியதில்லை. ஐயங்களைக் காட்டினோம், அவற்றின் விடைகளையும் உடன் காட்டினோம். ஒரு பக்கத்தை மட்டும் அறிந்தவனின் நம்பிக்கை உறுதியானதாகாது என்பதே அதன் சாரம். அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள், இருபத்திரண்டாம் வயதில், வாந்திபேதியால் அவர் மறைந்தார். கல்லறை பார்க் தெருவின் தெற்கு இடுகாட்டில் உள்ளது.

மாணவர் என்ன ஆயினர்? இங்குதான் வழக்கின் உண்மையான தீர்ப்பு இருக்கிறது. கிருஷ்ண மோகன் பானர்ஜி கிறிஸ்தவராகிப் பாதிரியார் ஆனார். சிவசந்திர தேவ் பிரம்ம சமாஜத்திற் பணியாற்றினார். ராம்கோபால் கோஷ் வணிகராகவும் பொதுமேடைப் பேச்சாளராகவும் விளங்கினார். ராதாநாத் சிக்தர், நம் பரங்கிமலையருகே 1802இல் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண நில அளவையிற் கணித வல்லுநராகி, எவரெஸ்டுச் சிகரத்தின் உயரத்தைக் கணித்ததில் முதன்மைப் பங்கு கொண்டார். அளவைத் தொழிலாளரைக் கூலியின்றி வேலை வாங்கிய ஆங்கிலேய நீதிபதியை 1843இல் எதிர்த்து அபராதமும் செலுத்தினார். ஒருவர் சென்ற வழி மற்றவர் வழியன்று. ஒரே கொள்கையைப் புகட்டிய ஆசிரியரிடமிருந்து இத்தனை வகையான மனிதர் தோன்றியிருக்க இயலுமா?

குறையும் கூறுதல் வேண்டும். 1831 ஆகஸ்டில் கிருஷ்ண மோகனின் நண்பர் சிலர் அண்டை வீட்டில் இறைச்சியை எறிந்தனர். அதன் விளைவாக, அப்போது அங்கில்லாத அவரே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஐயுறுதல் வேறு, அயலாரை அவமதித்தல் வேறு என்பதைக் கற்க அவர்கட்குக் காலம் பிடித்தது. மேலும், அவர்தம் விவாதமெல்லாம் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தமையால் வீட்டிலுள்ளோர்க்கு எட்டவில்லை. இதனைப் பின்னர் உணர்ந்தனர் போலும். 1854இல் ராதாநாத்தும் அவர்தம் தோழர் பியாரி சந்த் மித்ராவும் எளிய வங்காளியில், பெண்டிரும் படித்தறியும் வண்ணம், ஒரு மாத இதழ் தொடங்கினர்.

அடுத்த ஆண்டிலேயே இந்துக் கல்லூரி பிரசிடென்சி கல்லூரியாக மாறியது. 2010இல் பல்கலைக்கழகமும் ஆயிற்று. பெயர் மாறினும் பழைய வினா மாறவில்லை. பிற மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் பள்ளியில் வேற்று மொழியிற் கற்று, புதுப்புது வினாக்களோடு வீடு திரும்புகின்றனர். அவ்வினாவை அடக்கினால் அது தெருவிற் சென்று பகையாக முடியலாம். நம் தாய்மொழியில் அதற்கு இரு பக்கமும் எடுத்துரைப்போமாயின், பிள்ளைக்குச் சிந்தனையும் வளரும்; தமிழும் வளரும்.