தொல்லையாகப் பிறந்த ஒளி

1947 ஏப்ரல் 24. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகம். எலக்ட்ரான்களை வட்டமாகச் சுற்றவிட்டு முடுக்கும் 70 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் சிங்க்ரோட்ரான் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வளையக் குழாய்க்குள் தீப்பொறி பறக்கிறதா என்று பார்க்க ஒரு தொழில்நுட்ப ஊழியரை நிறுத்தியிருந்தார்கள். கான்கிரீட் தடுப்புச் சுவருக்கு இப்பால் நின்று, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றின் வழியாக அவர் உள்ளே நோக்கினார். பொறி தெரிகிறது, நிறுத்துங்கள் என்று சைகை காட்டினார்.

ஆனால் குழாயின் வெற்றிடம் கெடவே இல்லை. பொறி பறந்திருந்தால் கெட்டிருக்குமே! ஆய்வகத்தின் ராபர்ட் லாங்மூர் முதலானோர் வந்து பார்த்தார்கள். வேகத் துகள்கள் ஒரு பொருளை ஊடுருவும்போது எழும் செரன்கோவ் ஒளியோ என்றுதான் முதலில் நினைத்தார்கள். உண்மையில் அது வட்டமடிக்கும் எலக்ட்ரான்களே உமிழ்ந்த ஒளி.

எலக்ட்ரான்கள் வளைந்து ஓடும்போது ஆற்றலைக் கதிராக இழக்கும் என்று சோவியத் இயற்பியலாளர்கள் இவானென்கோவும் பொமரான்சுக்கும் 1944-இலேயே எழுதியிருந்தார்கள். ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜான் பிளூவெட், முந்தைய இயந்திரமான பீட்டாட்ரானில் அந்த இழப்பின் தடயத்தையும் கண்டிருந்தார். ஒளிதான் தென்படவில்லை, அந்தக் குழாய்க்கு ஒளிபுகாப் பூச்சு. புதிய குழாய்க்கு அது இல்லை. பெரிய கண்டுபிடிப்புகள் சில சமயம் பூச்சு வேலையில் மாட்டிக்கொள்கின்றன!

துகள் இயற்பியலாளர்களுக்கு இந்த ஒளி வெறும் நஷ்டக் கணக்கு. பாடுபட்டு ஏற்றிய ஆற்றலை அது தின்றது. பொருள்களை ஆராய்வோரோ அந்தத் துகள் இயந்திரங்களின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு அதைப் பயன்படுத்தினார்கள். இந்த ஒளியை எக்ஸ் கதிர்களாகத் தருவதற்கென்றே கட்டப்பட்ட முதல் நிலையம் இங்கிலாந்தின் டேர்ஸ்பரியில் இயங்கத் தொடங்கியது 1981-இல்தான்.

தொழிற்சாலைகளுக்கு இதில் என்ன வேலை? ஜப்பானின் டைஹாட்சு கார் நிறுவனத்தைப் பார்க்கலாம். புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியில் உள்ள பல்லேடியத் துகள்கள், சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துச் செயலிழக்கும். அதனால் விலையுயர்ந்த உலோகத்தைத் தேவைக்கு மேல் போட்டுவைப்பார்கள். பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகையால் ஆன டைஹாட்சுவின் புதிய வினையூக்கியோ சோர்வதாகவே தெரியவில்லை. காரணம் தேடி, ஜப்பான் அணுசக்தி ஆய்வு நிறுவனத்தாரோடு ஸ்பிரிங்-8 என்ற சிங்க்ரோட்ரான் ஒளி நிலையத்துக்குப் போனார்கள். அங்கே கிடைக்கும் எக்ஸ் கதிரின் ஆற்றலை வேண்டியபடி மாற்றலாம். பல்லேடியத்துக்குப் பொருந்தும்படி வைத்தால், மற்ற அணுக்களின் கூட்டத்திலிருந்து அது மட்டும் தனித்துத் தெரியும்.

அவர்கள் கண்டது இதுதான்: புகையில் ஆக்சிஜன் கூடும்போது பல்லேடியம் படிகத்துக்குள் நுழைகிறது. குறையும்போது உலோகமாக வெளியே வருகிறது. ஓடும் காரில் இந்த ஏற்ற இறக்கம் தானாகவே நடப்பதால், துகள்கள் பருக்க நேரமே கிடைப்பதில்லை. இது 2002-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. அந்த வினையூக்கி டைஹாட்சு கார்களிலும் ஏறியது.