இம்மியும் முத்தும்

மன்னார்த் தீவின் தோட்டவெளி என்றதும், 1544ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆணையால் உயிர்துறந்த வேதசாட்சிகளின் ஞாபகமே மன்னார் மக்களுக்கு முதலில் எழும். அவர்களுக்கு ஞானஸ்நானம் அளித்த குருவானவரைத் தீவுக்கு அனுப்பியவர், எதிர்க்கரையின் முத்துக்குளித்துறையில் அந்நாளிலே போதித்துவந்த பிரான்சிஸ் சவேரியார். இரு கரைகளையும் பிணைத்திருந்த அம்முத்தோடு கூடவே ஒரு கணக்கும் கடல் கடந்து போய்வந்தது. அக்கணக்கின் அடியிலே கிடக்கும் 21,50,400 என்னும் எண்ணைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முத்துக்குளிப்பு நடந்த அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் கூடிய வியாபாரிகள், இருபது துளை முதல் ஆயிரம் துளை வரை கொண்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலித்து, ஆணி, வடிவு, குறுவல், தூள் என இனம்பிரித்து, மஞ்சாடி என்னும் நிறையளவால் நிறுத்தார்கள். நிறையே விலையாகிவிடாது. மஞ்சாடி நிறையை அதே நிறையால் பெருக்கி, வந்ததில் முக்காலை எடுத்து, முத்துகளின் தொகையால் வகுத்தால்தான் மதிப்பு கிடைக்கும். நான்கு மஞ்சாடி நிறையுள்ள ஒற்றை முத்துக்கு மதிப்பு 12. அதே நிறைக்கு நான்கு முத்துகள் நின்றால் வெறும் 3. பருமுத்தின் அருமையை வர்க்கத்தால் அளந்த அந்த நுட்பத்தை எத்தனை முறை எண்ணினாலும் என் வியப்பு அடங்குவதில்லை.

வகுத்தல் வந்த இடத்தில் பின்னம் வரும். தமிழ்க் கணக்கில் முந்திரி 1/320. அதனை அதனாலேயே பெருக்கிய கீழ்முந்திரி 1/1,02,400. இந்த 1,02,400இலே இரண்டும் ஐந்தும் அன்றி வேறு பகா எண் இல்லை. ஆகையால் அரை, கால், அரைக்கால், மாகாணி, மா எல்லாம் மீதியின்றி அடங்கும், மூன்றும் ஏழும் அடங்கா. கீழ்முந்திரியை இருபத்தொரு கூறாக்கியதே இம்மி, அதாவது 1/21,50,400. இருபத்தொன்று மூவேழு அல்லவா? அந்தக் குறையை நிறைக்கவே நம் முன்னோர் அவ்வெண்ணைத் தேர்ந்தனர் என்பது என் துணிபு. ஐந்து மஞ்சாடிக்கு ஏழு முத்து நின்றால் மதிப்பு இரண்டும், அதன்மேல் இருபத்தெட்டில் பத்தொன்பதும். அந்தப் பின்னம் கீழ்முந்திரியில் முழுமையாய் நில்லாது. இம்மியிலோ சரியாக 14,59,200. ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களில் 21,50,400ஐ மீதியின்றி வகுக்காதது ஒன்பது ஒன்றே.

மூன்றால் வகுக்கும் தேவை சிப்பிப் பங்கீட்டிலும் இருந்தது. பிரித்தானியர் ஆட்சியின் பிற்காலத்தில், கரைசேர்ந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்தைச் சேர்ந்தது. எஞ்சிய ஒரு பங்கைச் சுமந்து, பங்கிடும் இடத்திலிருந்து வெளியே வந்த குளிகாரர், வாசலிலே காத்துநின்ற கூட்டத்துக்குச் சிப்பியைத் திறவாமலே விற்றுவிட்டு, மணலில் உட்கார்ந்து காசைத் தமக்குள் பங்கிட்டார்கள்.