கரையில் வலிக்கும் துடுப்பு



படகும் இல்லை, நீரும் இல்லை. ஆயினும் ஒருவர் துடுப்பு வலிக்கின்றார். அவர் அமர்ந்துள்ள இருக்கை ஒரு நீண்ட சட்டத்தின்மேல் முன்னும் பின்னும் ஓடுகின்றது. கையிலுள்ள பிடியை இழுக்குந்தோறும் முன்னே ஒரு சில்லுச் சுழல்கின்றது. எத்துணை நேரம் வலித்தாலும் அவர் இருந்த இடத்திலேயே இருக்கின்றார். துடுப்புப் பொறி என்று நாம் அழைக்கத்தக்க இக்கருவி, உடற்பயிற்சிக் கூடங்களைக் கடந்து இன்று இல்லங்களினுள்ளும் புகுந்துள்ளது. அதனை வாங்க முற்படுவோர் விலையை வினவுகின்றனர். மடித்து வைக்க இயலுமா என்று வினவுகின்றனர். அஃது எங்கிருந்து வந்தது என்று வினவுவோர் அரியர். அதன் வரலாற்றை அறிந்தவர்க்கே அதனைத் தெரிந்தெடுக்கும் வழியும் புலப்படும் என்பது என் துணிபு. அவ்வரலாற்றைத் திருகோணமலைத் துறைமுகத்தின் கரையில் நின்று நோக்குவோமாயின் நம் ஊரைப் பற்றிய சில உண்மைகளும் உடன் விளங்கும்.

திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடா ஒருபுறம். மேட்டு நிலங்களும் தீவுகளும் காவல் செய்யும் உட்துறைமுகம் மற்றொருபுறம். பாய்க்கப்பல்களின் காலத்தில் புயலுக்கு ஒதுங்க இதனினும் நல்ல இடம் கிடைப்பது அரிது. ஆனால் காற்று ஓய்ந்துவிட்டாலோ, எத்துணைப் பெரிய கப்பலும் அசையாது. அப்போது மாலுமிகள் சிறு படகுகளை இறக்கி, கயிறு பூட்டி, துடுப்பு வலித்தே கப்பலை இழுத்துச் செல்வர். அன்றேல், நங்கூரத்தைப் படகில் ஏற்றி முன்னே கொண்டுபோய் இடுவர். கப்பலில் இருப்போர் அதன் வடத்தைச் சுற்றியிழுத்துக் கப்பலைச் சாண் சாணாக நகர்த்துவர்.

1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே இத்துறைமுகம் இருமுறை கைமாறியது. சனவரி மாதத்தில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் இதனைக் கைப்பற்றினர். ஆகஸ்ட் இறுதியில் பிரான்சியத் தளபதி சுவ்ரன் பிரித்தானியரை வெளியேற்றினார். செப்டெம்பர் 3 ஆம் நாள் இரு கடற்படைகளும் வெளிக்கடலில் பொருதின. போர் முடிந்து திரும்பித் துறைமுகத்தினுள் புகும்போது பிரான்சியரின் போர்க்கப்பல் ஒன்று தரைதட்டி அழிந்தது. இவற்றையெல்லாம் வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. சுவ்ரனையும் இயூசையும் பெயர் சொல்லிப் பாராட்டுகின்றன. அவர்களுடைய படைவீரரைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த துடுப்பாளர் ஒருவரின் பெயரையேனும் நாம் அறிந்திலோம்.

நீராவிக் கப்பல்கள் வந்த பின்னரும் கடற்படையிலிருந்து துடுப்பு மறையவில்லை. பிரித்தானியக் கடற்படையின் 'வேலர்' எனப்பட்ட படகு 27 அடி நீளமும் ஐந்து துடுப்புகளும் உடையது. ஒரு பக்கம் மூன்று துடுப்பு, மறுபக்கம் இரண்டு. எண்ணிக்கை ஒவ்வாத இப்படகு நேரே செல்ல வேண்டுமாயின் ஐவரும் ஒருவர் மூச்சை ஒருவர் உணர்ந்து வலித்தல் வேண்டும். 1957 ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியர் இத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். ஆயினும் வேலர்ப் படகுப் போட்டி என்னும் மரபு இலங்கைக் கடற்படையிலும் தொடர்ந்தது.

கடற்படையின் துடுப்பு இவ்வாறிருக்க, கரையோரத்து மக்களின் துடுப்பு அதனினும் பழையது. கரைவலை இழுக்கும் காட்சியைக் கண்டிராத திருகோணமலையார் இலர். தோணியில் வலையை ஏற்றிக்கொண்டு கடலுட் சென்று, அரைவட்டமாக வலையை வளைத்து, கயிற்றின் மறுமுனையோடு கரைக்கு மீள்வர். பின்னர் இரு வரிசையாக நின்று ஆடவர் பலர் கயிற்றை இழுப்பர். கால் மணலில் ஊன்றும். முதுகு பின்னே சாயும். இறுதியாகவே கை மடங்கும். தமிழில் துடுப்பு இழுத்தலை வலித்தல் என்கின்றோம். உடம்பு நோவதையும் வலித்தல் என்றே சொல்கின்றோம். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியதன் பொருத்தத்தைக் கரைவலைக்காரர் எவரும் நன்கு அறிவர்.

இனி, துடுப்பு நீரை விட்டுக் கரையேறிய கதைக்கு வருவோம். இது புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இஃது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் ஏதென்சு நகரத்துத் தளபதி கப்ரியாசு எகிப்திய மன்னனுக்குத் துணையாகச் சென்றிருந்தார். அங்கே கப்பல்கள் இருந்தன. அவற்றைச் செலுத்தப் பயின்ற கைகள் இல்லை. அவர் கடற்கரையில் நீண்ட மரங்களை இட்டு, அவற்றின்மேல் இளைஞரை வரிசையாக அமர்த்தி, கப்பலிலிருந்து கழற்றிய துடுப்புகளைக் கையிற் கொடுத்துப் பயிற்றுவித்தார் என்று பிற்காலக் கிரேக்க ஆசிரியர் பொலியேனசு எழுதியுள்ளார்.

கி.மு. 260 இல் உரோமரும் இவ்வழியையே பின்பற்றினர். கடலோடிகளாகிய கார்த்தேசியரை எதிர்க்க அவர்கள் 120 கப்பல்களைக் கட்டத் தொடங்கினர். ஐந்தடுக்குக் கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 துடுப்பாளர் வேண்டும். கப்பல்கள் பட்டறையில் உருவாகும் வேளையிலேயே, கரையில் பலகைகளை இட்டு ஆள்களை அமர்த்தி, தாளங்கொடுப்போனை நடுவே நிறுத்தி, ஒருங்கே பின்சாய்ந்து ஒருங்கே முன்குனியும் பயிற்சியை நடத்தினர். வரலாற்றாசிரியர் பொலிபியசு இதனைக் குறித்து வைத்தார். அவ்வாண்டிலேயே மைலே என்னும் இடத்தில் உரோமர் கடற்போரில் வென்றனர். ஆகவே துடுப்புப் பொறியின் மூதாதை, கடற்கரையில் இடப்பட்ட ஒரு மரப்பலகை என்பது தெளிவு. அப்பலகையில் அமர்ந்தவர்க்கு அதனை விட்டெழுந்து கப்பலில் ஏறுவதே குறிக்கோளாக இருந்தது.

பிழைப்புக்கும் போருக்கும் வலித்த துடுப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்வர்களின் விளையாட்டாகவும் ஆயிற்று. கொழும்பில் 1864 ஆம் ஆண்டும் சென்னையில் 1867 ஆம் ஆண்டும் படகுக் கழகங்கள் தோன்றின. முன்னதற்குப் பேரே வாவியும் பின்னதற்கு அடையாறும் களமாயின. 1898 முதல் இரு நகரத்தாரும் தம்முள் போட்டியிடலாயினர். தொடக்கத்தில் இக்கழகங்கள் ஐரோப்பியருக்கே உரியன.

இங்கிலாந்திலோ நிறத்தோடு தொழிலும் தடையாக நின்றது. தேம்சு நதியின் புகழ்பெற்ற ஹென்லிப் படகுப் போட்டியில் கைத்தொழிலாளரும் கூலியாளரும் பங்குபற்றலாகாது என 1879 இல் விதி வகுத்தனர். அன்றாடம் துடுப்பு வலித்து வயிறு வளர்ப்போர் துடுப்புப் போட்டிக்குத் தகுதியற்றோர் ஆயினர்! பேர்லின் ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் வழியில் 1936 இல் அங்கு வந்த அவுஸ்திரேலியப் பொலிஸ் அணியினரையும், பொலிசார் கைத்தொழிலாளர் என்று காட்டி விலக்கினர். எழுந்த கண்டனத்தின் விளைவாக மறு ஆண்டே அவ்விதி நீங்கிற்று. உழைப்பவனின் தோளை அஞ்சியே அவ்விதி அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது என்று கருத இடமுண்டு.

இக்காலத்திலேதான் இருக்கையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை துடுப்பாளர் அசையாத பலகையில் அமர்ந்து முதுகாலும் கையாலும் வலித்தனர். 1873 ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் போட்டியில் வழுகும் இருக்கை இடம்பெற்றது. இருக்கை நகரவே, உடம்பின் மிக வலிய உறுப்பாகிய காலின் ஆற்றல் துடுப்புக்குக் கிடைத்தது. ஏறத்தாழ அதே வேளையில், 1872 இல், ஐக்கிய அமெரிக்காவில் துடுப்புப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1950களில் அவுஸ்திரேலியாவிலும் அதன் பின் நோர்வேயிலும், துடுப்பாளரின் உழைப்பை அளக்கவல்ல பொறிகள் உருவாயின. 'ஏர்கோமீற்றர்' என்னும் கிரேக்க வழிப் பெயருக்கு உழைப்பை அளப்பது என்பதே பொருள். 1981 இல் அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்தில் டிரைசிகாக்கர் உடன்பிறந்தார் இருவர், சைக்கிள் சில்லு ஒன்றில் விசிறித் தகடுகளைப் பொருத்தி, காற்றின் எதிர்ப்பால் இயங்கும் எளிய பொறியை ஆக்கினர். 'கொன்செப்ற் 2' என்னும் பெயரோடு உலகெங்கும் பரவிய பொறி இதுவே.

இவ்வரலாறு வாங்குவோருக்குக் கூறும் அறிவுரை யாது? முதலாவது, எதிர்ப்பின் இயல்பை நோக்குக. நீர் ஒரு நேர்மையான ஆசான். மெல்ல வலிப்பவனுக்கு மெல்ல விடையளிக்கும்; விரைந்து வலிப்பவனைக் கடுமையாக எதிர்க்கும். படகின் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எண்மடங்கு ஆற்றல் வேண்டும் என்பது இயற்பியல். காற்றுச் சில்லுப் பொறியும், தொட்டியில் நீரை அடைத்த பொறியும் இவ்விதியைப் பின்பற்றுவன. எண்ணெய்க் குழாய்ப் பொறி விலை குறைந்தது. சிறிய அறைக்கும் அடங்கும். ஆனால் எண்ணெய் சூடேறுந்தோறும் அதன் எதிர்ப்புத் தளரும். காந்தப் பொறி ஓசையற்றது; குழந்தை உறங்கும் வீட்டுக்கு ஏற்றது; ஆயினும் வீட்டுக்கென விற்கப்படுவனவற்றுட் பல, நீரின் அந்த ஏற்றத் தாழ்வை முற்றாகக் காட்டமாட்டா. காற்றுச் சில்லு இரையும். நீர்த்தொட்டி இனிய ஒலி தரும், பாரம் மிகுந்தது, நீரையும் தூய்மையாக வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, கால் முழுமையாக நீளும்படி சட்டம் அமைந்திருத்தல் வேண்டும். முழு அளவுப் பொறி ஏறத்தாழ எட்டு அடி நீளம் கொள்ளும். வாங்குமுன் அறையை அளந்து, தரையில் சுண்ணக்கோடு கீறிப் பார்த்தல் நன்று. வீட்டிலுள்ள நெடியவர் அமர்ந்து பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்குக. மூட்டு நோவுடையோர் இருக்கையின் உயரத்தையும் கருதுக.

மூன்றாவது, நம் ஊருக்கே உரியது. கடற்காற்றின் உப்பு இரும்பை விடாது. சங்கிலியும் திருகாணியும் துருவேறாவண்ணம் துடைத்து எண்ணெயிடல் வேண்டும். உதிரிப் பாகம் இலங்கையில் கிடைக்குமா என்று கேட்டறிதல் நிறத்தைத் தெரிவதிலும் முதன்மையானது.

நான்காவது, எண்களைக் கண்டு மயங்கலாகாது. காற்றுச் சில்லின் பக்கத்தில் 1 முதல் 10 வரை குறித்த நெம்பு ஒன்று உண்டு. பத்தில் வைத்தவனே பலசாலி என்று இளைஞர் கருதுகின்றனர். அந்நெம்பு பலத்தை அளப்பதன்று. படகின் கனத்தையே ஒத்தது. பத்து என்பது வலை ஏற்றிய தோணி. மூன்று நான்கு என்பது மெல்லிய பந்தயப் படகு. எதில் அமர்ந்தாலும் முதலில் கால், அடுத்து முதுகு, இறுதியில் கை என்பதே முறை. மீளும்போது கை, முதுகு, கால் எனத் தலைகீழாக வருக. இவ்வொழுங்கைத் தவறவிட்டால் விலையுயர்ந்த பொறியும் முதுகு நோவையே தரும். இதய நோயோ முதுகு நோவோ உடையவர் வைத்தியரை வினவிய பின்னரே தொடங்குக.

இவ்வளவும் பொறியைப் பற்றியவை. இவற்றினும் முதன்மையான ஒன்று எஞ்சியுள்ளது. மீன்பிடிப் படகுகளில் இயந்திரம் பூட்டும் வழக்கம் 1950கள் முதல் நம் நாட்டில் பரவிற்று. அஃது உழைப்பாளரின் சுமையைக் குறைத்தது. அதனைக் குறை கூறுவார் எவரும் இலர். ஆனால் போர்க்காலத்தில் இயந்திரத்துக்கும் எரிபொருளுக்கும் கட்டுப்பாடு நிலவியபோது, வடக்குக் கிழக்குக் கரையோரத்தார்க்குத் துடுப்பே மீண்டும் துணையாயிற்று. 2022 ஆம் ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோதும், கடலை நம்பிய வீடுகள் அந்தப் பழைய மரக்கோலையே நினைந்தன. தந்தைக்குத் தெரிந்த துடுப்பு மகனுக்குத் தெரியாதாயின், இயந்திரம் நின்ற நாளில் நடுக்கடலில் அவன் யாது செய்வான்? ஒரு கலை மறைந்தால் நூலில் எழுதி வைக்கலாம். துடுப்பு வலிக்கும் அறிவு கையிலும் முதுகிலும் அன்றி வேறெங்கும் எழுதப்படுவதில்லை.

ஆதலால், வசதியுடையோர் பொறியை வாங்குக. ஏற்றதைத் தெரிந்து வாங்குக. வாங்கியதை ஆடை உலர்த்தும் கொடியாக்காது நாள்தோறும் பயன்படுத்துக. தனித்தனியே வாங்க இயலாதோர், ஊர்ச் சங்கமோ பாடசாலையோ பொதுவில் ஒன்றை வாங்கிப் பலரும் பயிலச் செய்யலாம். ஆனால் கரையில் பயின்ற எகிப்திய இளைஞரும் உரோமரும் சின்னாளில் நீரிலிறங்கினர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். உலகம் வியக்கும் ஒரு துறைமுகம் நம் வாயிலில் அலையடித்துக் கிடக்கின்றது. நம் பிள்ளைகள் நீந்தப் பயிலட்டும். உயிர்காப்பு அங்கி அணிந்து, மூத்த மீனவர் ஒருவரை ஆசானாகக் கொண்டு, அமைதியான நீரில் துடுப்புப் பிடிக்கவும் பயிலட்டும். பொறி அவர்களது உழைப்பை அளந்து காட்டும். அக்கரை சேர்க்க வல்லது படகே. ஹென்லியில் ஒரு காலம் தகுதியற்றவன் எனத் தள்ளப்பட்ட உழைப்பாளிக்கு, நம் ஊரில் ஆசான் என்னும் இருக்கை காத்திருக்கட்டும்.