விருதுநகர் மானாவாரி நிலங்களும் நில ஒருங்கிணைப்பும்

ஒரு குடும்பத்துக்குப் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் விளைநிலத்தை மாற்றிக் கொடுத்து ஒரே இடத்தில் சேர்ப்பது நில ஒருங்கிணைப்பு எனப்படும். இதற்கெனப் பஞ்சாபில் 1948இலும் உத்தரப் பிரதேசத்தில் 1953இலும் சட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் வரவில்லை. இங்கு வந்தது நில உச்சவரம்புச் சட்டம். 1961இல் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றிருந்த வரம்பு 1970இல் 15 ஆகக் குறைந்தது. பெரிய நிலத்தைப் பிரிப்பதே அதன் நோக்கம். துண்டுகளைச் சேர்ப்பது அல்ல.

விருதுநகர் வட்டாரத்தில் இந்தத் துண்டுகளுக்கு ஒரு காரணம் உண்டு. கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பருத்தி, சோளம், உளுந்து விளையும். செவல் சிறு மழைக்கே உழவுக்கு வரும். கண்மாய் பெருகினால் அதன் ஆயக்கட்டில் நெல். ஆளுக்கொரு வயல் என்று எடுத்துக்கொள்ளாமல், பாகப்பிரிவினையில் ஒவ்வொரு வயலையும் அண்ணன் தம்பிகள் கூறுபோட்டது இதனால்தான். ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற கணக்கு அது. அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டு மூன்று தலைமுறைக்குள் உட்பிரிவுகள் பெருகி, ஏரைத் திருப்பவும் இடமில்லாத துண்டுகள் மிஞ்சின. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 0.75 எக்டேர்.

பஞ்சாபில் நிலம் ஒரே இடத்தில் சேர்ந்ததும் ஆழ்துளைக் கிணறும் டிராக்டரும் கட்டுபடியாயின, விளைச்சல் உயர்ந்தது. பின்னாளில் அங்கே நிலத்தடி நீர் வேகமாக இறங்கியது. இலவச மின்சாரத்துக்கும் நெல் கொள்முதலுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

சிவகாசிப் பக்கம் நிலம் கிரயத்தின் வழியே சேர்ந்தது. 1940களில் வளரத் தொடங்கிய பட்டாசுத் தொழிலுக்குக் குறைந்த மழையும் வறண்ட காற்றும் ஏற்றவையாக இருந்தன. வெடிபொருள் விதிகளின்படி அறைக்கும் அறைக்கும், கிடங்குக்கும் குடியிருப்புக்கும் இடைவெளி வேண்டும். ஆகவே ஆலைக்கு அகன்ற நிலம் தேவைப்பட்டது. கட்டுபடியாகாத மானாவாரிக் காடு அதற்குக் கைமாறியது. மழை பொய்த்த ஆண்டுகளில் பட்டாசும் தீப்பெட்டியும்தான் பல வீடுகளில் உலை வைத்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். உழவு நின்ற தரிசுகளில் சீமைக் கருவேலம் ஏறியது. கண்மாயின் வரத்துக்கால் பலருடைய நிலங்களை ஒட்டி வருவது. ஓரிடத்தில் அடைபட்டாலும் கீழே தண்ணீர் சேராது.

2016-17இல் தொடங்கிய நீடித்த நிலையான மானாவாரி வேளாண்மை இயக்கம் வேறு வழியில் போனது. வரப்பை மாற்றாமல் 1,000 எக்டேரை ஒரு தொகுப்பாக்கிக் கோடை உழவையும் விதைப்பையும் சேர்ந்து செய்ய வைத்தது. அடுத்த ஆண்டு வந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 உழவர் கொண்ட குழுவுக்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி தரப்பட்டது. பல குழுக்கள் அதில் பொதுவாக உழவுக் கருவிகளை வாங்கின. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் துண்டுகளை எந்தத் தொகுப்பிலும் சேர்ப்பது எளிதாக இல்லை.