எண்பது சென் கோழிக்குழம்பு

ஜப்பானியர்களிடம் ‘கரே’ எந்த நாட்டு உணவு என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் ‘எங்களுடையது’ என்பார்கள். அதில் தப்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அங்கே போய்ச் சேர்ந்தது இந்தியாவிலிருந்து நேராக அல்ல, இங்கிலாந்து வழியாக. மாவு போட்டுக் கெட்டியாக்கி, காரம் குறைத்து, உருளைக்கிழங்கும் கேரட்டும் சேர்த்த ஒரு சமாசாரம். நம்ம ஊர்க் குழம்புக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

டோக்கியோவின் ஷின்ஜுகுவில் மட்டும் இன்னொரு வழியாக வந்த குழம்பு ஒன்று இருக்கிறது. அது ஒரு வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

1912 டிசம்பரில் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசப்பட்டது. அந்தச் சதியின் மூளை என்று பிரிட்டிஷ் அரசு தேடிய ராஷ் பிஹாரி போஸ், 1915-ல் தாகூரின் உறவினர் என்று பொய்ப்பெயர் சொல்லிக்கொண்டு ஜப்பானுக்குக் கப்பலேறினார். பிரிட்டன் அப்போது ஜப்பானின் கூட்டாளி. அதே ஆண்டின் கடைசியில் அவரை வெளியேறச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

அவரை ஒளித்து வைத்தது அரசியல்வாதிகள் இல்லை, ஒரு ரொட்டிக் கடைக்காரக் குடும்பம். ‘நகமுராயா’ கடையை நடத்திய சோமா ஐஸோவும் அவர் மனைவி கொக்கோவும் கடைக்குப் பின்னாலிருந்த ஓவியக்கூடத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் வெளியே தலைகாட்டாத வாழ்க்கை. கொக்கோவுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாக்குக்கு யார் மொழிபெயர்ப்பது?

நான் டோக்கியோவில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒருநாள் சாம்பார் கொடுத்தேன். மறுநாள் கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே வேகவைத்த பூசணித்துண்டுகளோடு. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று எங்க அம்மாவும் சொல்வார். ஜப்பானில் அதற்கு ‘ஒகாயெஷி’ என்று பெயரே இருக்கிறது, பெற்றதற்குப் பதில் செய்வது. அதற்கப்புறம்தான் போஸ் கதையை வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன். உயிரையே காப்பாற்றிய வீட்டுக்கு ஒரு மனுஷன் எதைத் திருப்பித் தர முடியும்?

வெளியேற்ற உத்தரவு தளர்ந்த பிறகும் ஆபத்து போகவில்லை. 1918-ல் சோமா தம்பதியின் மகள் தோஷிகோ போஸைத் திருமணம் செய்துகொண்டார். தேடப்படுகிற ஒரு அந்நியனுக்குக் காவலாகவும் மனைவியாகவும் இருக்க ஒப்புக்கொண்ட பெண். வீடு மாற்றி வீடு மாற்றி ஒளிந்து வாழ்ந்தார்கள். இரண்டு குழந்தைகள் பிறந்தன. 1923-ல் போஸுக்கு ஜப்பானியக் குடியுரிமை கிடைத்தது. மூச்சுவிட நேரம் வந்ததும், 1925-ல், முப்பது வயதைத் தொடாமலே தோஷிகோ இறந்துபோனார்.

இரண்டு வருஷம் கழித்து, 1927-ல், நகமுராயா தன் உணவகத்தைத் திறந்தபோது பட்டியலில் போஸ் சொல்லிக்கொடுத்த இந்தியக் கோழிக்குழம்பு இருந்தது. மாவு கிடையாது, எலும்போடு கூடிய கோழி, நல்ல மசாலா. சாதாரணக் கரே பத்துப் பன்னிரண்டு சென்னுக்கு விற்ற காலத்தில் இதன் விலை எண்பது சென். ஆனாலும் கூட்டம் வந்தது. நம் நாட்டு உணவென்று வெள்ளைக்காரன் சொல்லிவிட்டுப் போனதைத் திருத்துவதும் போஸுக்கு ஒருவகை விடுதலைப் போராட்டமாகவே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1943-ல் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீகின் தலைமையை அவர் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போன தமிழர்கள் பலருக்கு அவர் குழம்பைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1945 ஜனவரியில் போஸ் இறந்தார். அதே ஆண்டு ஜப்பானியப் படையில் இருந்த அவர் மகன் ஒகினாவாப் போரில் மடிந்தார்.

அந்தக் குழம்பை ‘காதலும் புரட்சியும் கலந்த சுவை’ என்று இன்றும் விளம்பரம் செய்கிறார்கள். அழகான வாசகம்தான். ஆனால் கணக்குப் போட்டால் சரிக்குச் சரி வரவில்லை. போஸ் திருப்பிக் கொடுத்தது ஒரு குழம்பு. சோமா குடும்பம் கொடுத்தது ஒரு மகளை. சுதந்திரப் போராட்ட வரலாற்றில் போஸின் பெயர் இருக்கிறது, உணவு வரலாற்றில் நகமுராயாவின் பெயர் இருக்கிறது. தோஷிகோவின் பெயரை இரண்டிலும் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.