பழந்துணித் தொப்பிகள்

பழந்துணித் தொப்பி என்பது, ஒருவர் உடுத்திக் கழித்த ஆடையிலிருந்தோ, கடைக்கிடங்கில் பல்லாண்டுகள் விற்காமல் தேங்கிய துணிச்சுருளிலிருந்தோ வெட்டிய துண்டுகளைக் கொண்டு, கையாலும் வீட்டுத் தையல் இயந்திரத்தாலும் ஒவ்வொன்றாகத் தைக்கப்படும் தொப்பியாகும். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் 100 ஆண்டுகளுக்கு உட்பட்டதுமான துணியையே ‘விண்டேஜ்’ என்று இத்தொழிலில் குறிப்பிடுவது பொதுவழக்கு. அந்த வயதை எட்டாத, பயன்படுத்திய ஆடைகளை விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் துணி வெறும் பழந்துணியாகக் கொள்ளப்படும். ஒரு சட்டைக்கோ பாவாடைக்கோ பழுதில்லாத நீண்ட துணி தேவைப்படும். தொப்பியிலோ மிகப் பெரிய துண்டுகூடப் பல வகைகளில் ஒரு சாண் நீளத்தைச் சற்றே தாண்டும் அளவினது என்பதால், கிழிந்த இடத்தையும் கறைபட்ட இடத்தையும் தவிர்த்து நல்ல பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடிகிறது. பழந்துணியை மறுபடி பயன்படுத்துவதற்கு ஆடை வகைகளுள் தொப்பி மிகவும் ஏற்றதாக விளங்குவதற்கு இதுவே முதற்காரணம்.

வரலாற்றுப் பின்னணி

தொப்பிக்கும் கம்பளித் தொழிலுக்கும் உள்ள உறவு இங்கிலாந்தில் நெடுங்காலத்தது. முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில், 1571ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், உயர்குடியினர் உள்ளிட்ட சிலர் நீங்கலாக, 6 வயதைக் கடந்த ஆண்கள் அனைவரும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் அந்நாட்டிலேயே செய்த கம்பளித் தொப்பியை அணிய வேண்டும் என்று விதித்தது. உள்நாட்டுக் கம்பளி நுகர்வைப் பெருக்குவதற்காகக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1597இல் நீக்கப்பட்டது. அக்காலத் தொப்பிகள் கம்பளி நூலால் பின்னப்பட்டு, நீரில் மிதித்துத் தடிப்பாக்கப்பட்டவை. நெய்த கம்பளித் துணியை வெட்டித் தைத்த தொப்பிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உழைக்கும் மக்களின் அன்றாட அணியாகப் பரவின.

பழைய ஆடையைப் பிரித்துப் புதியது தைக்கும் வழக்கம் வறுமையாலும் போராலும் பலமுறை வலுப்பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் மாதம் தொடங்கிய ஆடைப் பங்கீடு 1949 மார்ச் மாதம் வரை நீடித்தது. அதனிடையே 1943இல் அந்நாட்டு வணிகத் துறைக்காக வெளியிடப்பட்ட ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ என்ற கையேடு, இருக்கும் துணியைச் செப்பனிட்டும் மாற்றித் தைத்தும் பயன்படுத்தும் முறைகளை இல்லத்தரசிகளுக்குக் கற்பித்தது. அமெரிக்காவில் 1920களிலிருந்து மாவும் கால்நடைத் தீவனமும் அடைத்து விற்ற அச்சிட்ட பருத்திச் சாக்குகளை வெட்டி உழவர் குடும்பத்தினர் ஆடை தைத்துக்கொண்டனர். எஞ்சிய அச்சாக்குத் துணிகளே இன்று தொப்பி தைப்போர் தேடி வாங்கும் பழந்துணி வகைகளுள் ஒன்றாகியுள்ளன.

தொப்பி வகைகள்

பழந்துணியில் பெரும்பாலும் நான்கு வகைத் தொப்பிகள் தைக்கப்படுகின்றன. முதலாவதான தட்டைத் தொப்பி, உச்சிக்கு ஒரு நீண்ட துண்டும் பக்கங்களுக்கு இரு துண்டுகளும் கொண்டது. நான்கனுள் பெரிய துண்டு கேட்பது இதுவே. இரண்டாவதான எட்டிதழ்த் தொப்பி, பூவிதழ் வடிவில் வெட்டிய எட்டுத் துண்டுகள் உச்சியில் ஒரு பொத்தானடியில் கூடுமாறு அமைந்தது. செய்தித்தாள் விற்கும் சிறுவர்கள் அணிந்ததால் அவர்கள் பெயராலேயே ஆங்கிலத்தில் வழங்கும் இத்தொப்பி, 2013இல் பிபிசி ஒளிபரப்பத் தொடங்கிய ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடருக்குப் பின் புதிய தலைமுறையினரிடையே மறுபடி பரவியது. மூன்றாவது, பேஸ்பால் விளையாட்டிலிருந்து வந்த, ஆறு இதழ்களும் நீண்ட முன்விளிம்பும் உடைய தொப்பி. நான்காவதான மிதிவண்டித் தொப்பி, மெல்லிய பருத்தித் துணியில் மூன்று அல்லது நான்கு துண்டுகளாலும் குறுகிய முன்விளிம்பாலும் பின்புற எலாஸ்டிக்காலும் அமைந்து, தலைக்கவசத்தின் அடியில் அணியத் தக்கது. பழைய பருத்திச் சட்டைகளுக்கு இவ்வகையே மிகவும் பொருந்தும்.

துணித் தேர்வு

எட்டிதழ்த் தொப்பிக்கும் தட்டைத் தொப்பிக்கும் முதன்மையான துணி டுவீட் எனப்படும் முரட்டுக் கம்பளித் துணியாகும். இதன் சிறந்த வகையான ஹாரிஸ் டுவீட், ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் சாயமேற்றி நூற்ற கம்பளியைக் கொண்டு, அத்தீவு மக்கள் தம் வீடுகளிலேயே கையால் நெய்து, அங்கேயே பதப்படுத்தப்பட வேண்டும் என்பதை 1993ஆம் ஆண்டின் ஹாரிஸ் டுவீட் சட்டம் வரையறுக்கிறது. கோளத்தின் மேல் சிலுவை பொறித்த முத்திரைச் சீட்டு உள்ளே தைக்கப்பட்ட பழைய கோட்டுகள் பயன்படுத்திய ஆடைக் கடைகளில் கிடைப்பதுண்டு. அளவு மாறியதாலோ நாகரிகம் மாறியதாலோ அணிவாரற்றுப் போன அத்தகைய கோட்டு ஒன்றின் முதுகுப்புறமும் கைகளும் குறைந்தது ஒரு தொப்பிக்குப் போதுமான துணியைத் தரும். டுவீட்டைத் தவிர, வரிவரியாக முடி எழும்பிய கார்டுராய், டெனிம், லினன், நாற்காலி உறைக்கு நெய்த தடித்த துணி ஆகியவையும் தொப்பிக்கு ஏற்றவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எடை கூட்டுவதற்காக உலோக உப்புகள் ஏற்றப்பட்ட பட்டு, பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் மடிப்புகளில் தானாகவே வெடித்துச் சிதறும் தன்மையது என்பதால், அதை விலக்குதல் நலம்.

சென்னைக் கட்டத்துணி இவ்வரிசையில் தனியிடம் பெறுகிறது. சென்னையைச் சுற்றியுள்ள கைத்தறிகளில் நெய்யப்பட்டு ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே உலகச் சந்தைக்குச் சென்ற இந்த மெல்லிய பருத்தித் துணி, 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடையே சட்டையாகவும் கோட்டாகவும் பெருவழக்குப் பெற்றது. அக்காலத் துணியில் ஏற்றிய சாயம் ஒவ்வொரு சலவையிலும் கசிந்து, ஒரு கட்டத்தின் நிறம் அடுத்த கட்டத்தில் படர்ந்து மங்குவதையே அதன் சிறப்பாக விற்பனையாளர் விளம்பரப்படுத்தினர். அந்நாளைய ஆடைகள் இன்று அமெரிக்கப் பழந்துணிக் கடைகளில் கிடைக்கும்போது, கோடைக்காலத் தொப்பிக்கு அவை விரும்பி வாங்கப்படுகின்றன. ஆயினும், வியர்வை படும்போது சாயம் நெற்றியில் ஒட்டக்கூடும் என்பதால், வெட்டுவதற்கு முன் தனியே பலமுறை அலசி, நீர் தெளிவாக ஓடும் நிலை வந்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

சோதனையும் தூய்மைப்படுத்தலும்

பழந்துணியின் இழை எதுவென்று சீட்டு இல்லாதபோது, இரண்டொரு நூலை உருவி எரித்துப் பார்க்கும் சோதனை உதவும்: கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் மெல்ல எரிந்து, நெருப்பை அகற்றியதும் அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியைத் தரும், பருத்தி காகிதம் போல் எரிந்து மென்சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். இழையின் வலிமையை அறிய, துணியைச் சன்னலில் விரித்து ஒளியை ஊடுருவவிட்டுப் பார்த்தால், கண்ணுக்குப் புலப்படாத தேய்வுகளும் பூச்சி அரித்த ஊசித்துளைகளும் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். பின்னர், பாவு எனப்படும் நெடுக்கு நூல் வாக்கிலும் ஊடை எனப்படும் குறுக்கு நூல் வாக்கிலும் பெருவிரல்களால் அழுத்தி இழுக்கும்போது மெல்லிய முறிவொலி கேட்குமானால், அத்துணி தொப்பிக்கு உதவாது. கோட்டில் முழங்கை, அக்குள், கழுத்துப்பட்டை மடிப்பு ஆகிய இடங்களும், கால்சட்டையில் முழங்காலும் இருக்கைப் பகுதியும் தேய்ந்திருக்கும். தையலைப் பிரித்தால் உள்ளே மறைந்திருந்த துணியின் மூலநிறம் வெளிப்படும் என்பதால், வெளிப்புறம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்பதை அதனோடு ஒப்பிட்டு அறியலாம்.

கம்பளித் துணியில் அந்துப்பூச்சியின் முட்டைகள் தங்கியிருக்கக்கூடும். ஆடையை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 பாகை செல்சியசில் இரண்டு வாரம் உறைபெட்டியில் வைப்பது அருங்காட்சியகங்களும் கையாளும் முறையாகும். அதன்பின் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் தேய்க்காமல் அமிழ்த்தி எடுக்க வேண்டும். கம்பளி இழையின் மேற்பரப்பில் உள்ள நுண்செதில்கள் வெந்நீரிலும் உராய்விலும் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்வதால், முறை தவறினால் துணி சுருங்கித் தடித்துவிடும். நிழலில் உலர்ந்த துணியை ஈரத்துணி போட்டு ஆவி எழும்ப இஸ்திரி செய்த பின்னரே வெட்டினால், சுருங்க வேண்டிய அளவு முன்கூட்டியே சுருங்கிவிடுவதால், தைத்த தொப்பி பின்னர் மழையில் நனைந்தாலும் தலைக்கு இறுகாது.

அளவும் வெட்டும்

நெற்றியின் நடுவிலிருந்து காதுகளுக்கு மேலாகத் தலையைச் சுற்றி எடுக்கும் அளவே அடிப்படை. 58 செ.மீ. சுற்றளவுள்ள தலைக்கு, தளர்வாக 1 செ.மீ. கூட்டி 59 செ.மீ. எனக் கொண்டு எட்டால் வகுத்தால், ஒவ்வோர் இதழின் அடியகலம் ஏறத்தாழ 7.4 செ.மீ. ஆகும்; இருபுறமும் தையலுக்கு 6 மி.மீ. வீதம் விட்டால் வெட்டும் அகலம் 8.6 செ.மீ. ஆகும். எட்டிதழ்த் தொப்பிக்கே உரிய புடைப்பு, இதழின் நடுப்பகுதியை அடியைவிட அகலமாக்குவதால் உண்டாகிறது. உச்சிமுனையின் கோணம் 45 பாகையாக இருந்தால் எட்டும் சேர்ந்து 360 பாகையாகி உச்சி தட்டையாகப் படியும். கோணம் குறைந்தால் கூம்பாக எழும்பும், கூடினால் துணி அலையலையாகச் சுருங்கும். தையலின் துல்லியம் இங்கு இன்றியமையாதது: ஒவ்வோர் இதழின் இரு ஓரங்களிலும் 1 மி.மீ. கூடுதலாகப் பிடித்துவிட்டால் பதினாறு ஓரங்களிலும் சேர்ந்து 16 மி.மீ. குறைந்து, தொப்பி ஓர் அளவுக்கும் மேல் சிறிதாகிவிடும்.

ஒவ்வோர் இதழின் நடுக்கோடும் பாவு வாக்கில் அமைய வேண்டும். முடி எழும்பிய கார்டுராயில் எல்லா இதழ்களும் ஒரே திசையில் வெட்டப்படாவிட்டால், ஒரே துணி இருவேறு நிறமாகத் தோன்றும். புதுத்துணியில் அச்சுத்தாளை வரிசையாக வைத்து வெட்டுவது போலப் பழந்துணியில் இயலாது; தேய்வு, துளை, பழைய பொத்தான் துளை, மடிப்பின் வடு ஆகியவற்றைச் சாக்பீசால் முதலில் வட்டமிட்டு, எஞ்சிய இடத்தில் இதழ்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். துணி போதாதபோது இரு துண்டுகளை ஒட்டுப்போட்டு ஓர் இதழாக்கி அதைப் பின்புறத்தில் அமைப்பதும், கோட்டின் பழைய தையற்கோட்டையே அலங்காரமாக முன்னே கொண்டுவருவதும் ஏற்கப்பட்ட உத்திகள்.

தையல்

தளர்ந்த துணியின் உட்புறத்தில், சூடுபட்டால் ஒட்டும் மெல்லிய கேன்வாசை இஸ்திரி செய்து ஒட்டினால், இழைகள் விலகாமல் நிற்கும். டுவீட்டுக்கு 90 அல்லது 100 எண் ஊசியும், மெல்லிய பருத்திக்கு 80 எண் ஊசியும், ஏறத்தாழ 2.5 மி.மீ. நீளத் தையலும் பொருத்தமானவை. இதழ்களை இரண்டிரண்டாக இணைத்து, பின் நான்காக்கி, இறுதியில் இரு பாதிகளையும் உச்சியின் வழியே ஒரே தையலில் சேர்ப்பதே முறை. அப்போது எட்டு முனைகளும் ஒரு புள்ளியில் கூடும். தையலின் உள்ளோரங்களை இருபுறமும் விரித்து இஸ்திரி செய்து, வெளியே இருபக்கமும் ஓரத்தையல் போட்டால் வடிவம் நிலைக்கும். உச்சியில் துணி போர்த்திய உலோகப் பொத்தான், முனைகள் கூடும் இடத்தை மறைப்பதோடு அங்கு குவியும் இழுவிசையையும் தாங்குகிறது. உள்துணிக்குப் பழைய பருத்திச் சட்டையோ ரேயான் லைனிங்கோ பயன்படும்.

முற்காலத்தில் முன்விளிம்பின் உள்ளே அட்டையோ கஞ்சி ஏற்றி விறைப்பாக்கிய பக்ரம் துணியோ வைத்தனர். அட்டை நீரில் ஊறி உருக்குலையும் என்பதால், இன்று வளையக்கூடிய நெகிழித் தகடு அதன் இடத்தைப் பெற்றுள்ளது. பால் கேன் போன்ற தடித்த நெகிழிக் கலன்களிலிருந்து அதை வெட்டியெடுப்போரும் உண்டு. தொப்பியின் உள்விளிம்பைச் சுற்றித் தைக்கப்படும் வியர்வைப்பட்டை, வரிவரியாக நெய்த தடித்த நாடாவாகவோ மென்தோலாகவோ இருக்கும். நெற்றியின் உப்பும் எண்ணெயும் முதலில் தாக்குவது இதையே ஆதலால், பழந்துணியை இவ்விடத்தில் பயன்படுத்தாமல் புதிய நாடாவை, பின்னர் பிரித்து மாற்றத் தக்கவாறு கையால் தைப்பதே நல்ல கைவினைஞர் வழக்கம். முடித்த தொப்பியை மரத்தலை அச்சிலோ சுருட்டிய துண்டிலோ பொருத்தி, ஆவி பிடித்து, முழுதும் ஆறும்வரை விட்டால் வளைவு நிலைபெறும்.

மதிப்பும் வரம்பும்

2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் துணிக்கழிவைப் பிற குப்பையிலிருந்து பிரித்துச் சேகரிக்க வேண்டும் என்ற கடமை நடைமுறைக்கு வந்திருக்கும் சூழலில், நூலாகப் பிரித்து மறுசுழற்சி செய்வதற்கு முந்திய படியாகத் துணியைத் துணியாகவே மறுபடி பயன்படுத்தும் இத்தகைய கைவினைகள் கவனம் பெறுகின்றன. எந்திரத்தால் பிய்த்து மீண்டும் நூற்கும்போது கம்பளி, பருத்தி இழைகள் குட்டையாகி வலிமை இழக்கின்றன. வெட்டித் தைக்கும்போது இழை முழுமையாகவே எஞ்சுகிறது. அதே வேளையில், பழையது என்பதற்காக எதையும் வெட்டிவிடலாகாது. கையால் தைத்த பழைய போர்வைகள், மரபு நெசவுகள், வரலாறு அறியப்பட்ட ஆடைகள் ஆகியவை பழுதில்லாமல் இருக்குமானால் அவற்றைப் பாதுகாப்பதே கடமை. வேறெவ்வகையிலும் உடுத்த முடியாத அளவு சேதமுற்றவற்றை மட்டுமே தொப்பிக்கு எடுக்க வேண்டும்.

பழந்துணித் தொப்பியை இயந்திரத்தில் துவைக்காமல், தூரிகையால் தூசி தட்டி, அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, நேர்வெயில் படாத இடத்தில் வைத்துவர வேண்டும். துணியைச் சோதித்துத் தேர்ந்து, தளர்ந்த இடத்துக்கு வலுவூட்டி, தேயும் உறுப்பை மாற்றத் தக்கதாகத் தைத்த தொப்பி, புதுத்துணியில் தைத்ததற்கு உழைப்பில் எவ்வகையிலும் குறைந்ததன்று.