பத்திரிகையை வாங்காமலே பிடித்த முதலாளி

பணக்காரர்கள் பத்திரிகை நடத்துவது புதிதில்லை. சொந்தமாக வாங்காமலே நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் தன் கருத்தை அச்சேற்றிய ஒருவர் ஜெர்மனியில் இருந்தார்: ஆல்ஃபிரட் ஹூகன்பெர்க். ஹிட்லரைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். காமர்ஸ் படிக்கிற எனக்கோ இவர் கையாண்ட வழிதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

பீரங்கி செய்யும் க்ரூப் கம்பெனியின் நிர்வாகத் தலைவராக 1918 வரை இருந்தவர். நிலக்கரி, இரும்பு முதலாளிகளின் பணம் இவர் கை வழியாகப் போனது. அதில் 1916-ல் பெர்லினின் ஷெர்ல் பதிப்பகம் வந்தது. பிறகு ஒரு செய்தி ஏஜென்சி, ஒரு விளம்பர ஏஜென்சி. 1927-ல் கடனில் மூழ்கிய உஃபா சினிமாக் கம்பெனியும் வந்தது (மெட்ரோபோலிஸ் எடுத்தார்களே, அவர்கள்தான்).

சாமர்த்தியம் சின்ன ஊர்ப் பத்திரிகைகளிடம்தான் இருந்தது. பெர்லினில் நிருபர் வைக்க அவற்றுக்கு வசதி கிடையாது. இவரது கம்பெனி செய்தி, தலையங்கம் எல்லாவற்றையும் அட்டையில் அச்சாகப் பதித்தே அனுப்பிவிடும். ஈயத்தை ஊற்றி வார்த்து அச்சடித்தால் போதும், செலவு மிச்சம்! 1923 பணவீக்கத்தில் தள்ளாடிய பத்திரிகைகளுக்குக் கடனும் ஆலோசனையும் கிடைத்தன. பத்திரிகையின் பெயர் மாறவில்லை. வாசகர் அதை நம்ம ஊர் பேப்பர் என்றே நம்பிப் படித்தார்.

1928-ல் ஜெர்மன் தேசிய மக்கள் கட்சிக்குத் தலைவரானார். அடுத்த வருடமே, போர் இழப்பீட்டை 1988 வரை கட்டச் சொன்ன யங் திட்டத்தை எதிர்த்துப் பொதுவாக்கெடுப்பு கேட்டார். அதில் கையெழுத்திடும் அமைச்சர்களைத் தேசத்துரோகிகளாகத் தண்டிக்க வேண்டுமாம்! இந்தப் பிரச்சாரக் குழுவில் ஹிட்லரையும் சேர்த்துக்கொண்டார். 1928 தேர்தலில் வெறும் 2.6% வாங்கியிருந்த கட்சியின் தலைவருக்கு, நாடு முழுக்கப் பெரிய மனிதர்களோடு சரிசமமாக ஓர் இடம்!

டிசம்பர் 1929 வாக்கெடுப்பு தோற்றது. 2 கோடிக்கு மேல் ஓட்டு தேவை, கிடைத்தது சுமார் 58 லட்சம். ஆனால் மாதக்கணக்கில் துரோகி, துரோகி என்று படித்த ஊர்களில் அந்த வெறுப்பு அவ்வளவு சீக்கிரம் வடிந்திருக்குமா என்ன? இவர் கட்சியின் மிதவாதிகளும் வெறுத்துப்போய் வெளியேறினார்கள். செப்டம்பர் 1930 தேர்தலில் இவர் கட்சி 14 சதவீதத்திலிருந்து 7-க்கு இறங்கியது. நாஜிகள் 18.3%! பொருளாதார மந்தமும் வேலையில்லாத் திண்டாட்டமும் பெரிய காரணம்தான். ஆனாலும் அத்தனை பணம், அத்தனை பேப்பர் இருந்தும் இவரால் தனக்கு ஓட்டு வாங்க முடியவில்லை. இன்னொருவருக்கு மேடை போட மட்டும் முடிந்தது.

ஜனவரி 1933-ல் ஹிட்லர் அமைச்சரவையில் பொருளாதாரம், விவசாயம் என இரண்டு துறைகள் வாங்கினார். ஜூனில் ராஜினாமா. கட்சி கலைந்தது. 1937-ல் உஃபாவும் நாஜி அரசின் கைக்குப் போனது.